எனக்கு ஒரே ஒரு மஞ்சள் துண்டு

'டக்'...

கல்லூரி ஆபீஸ் சுவரில் இருந்த பெரிய டைம்டேபிள் போர்டில் காந்தத் துண்டு ஒட்டும் சத்தம் அது. இன்றைக்கும் ஃபிரிட்ஜ் கதவில் யாராவது எதையாவது ஒட்டினால் எனக்கு அந்த போர்டுதான் ஞாபகம் வரும்.

சிங்கப்பூரில், டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன தனியார் கல்லூரி. போர்டில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு வரிசை. நீலத் துண்டு என்றால் ஒரு மணி நேரப் பாடம். மஞ்சள் என்றால், துறைத் தலைவர் பாடம் எடுக்காமல் நிர்வாக வேலை பார்ப்பதற்கு விட்ட நேரம். லன்ச்சில் பேச்சே "உனக்கு எத்தனை மஞ்சள்?" என்றுதான் தொடங்கும்.

கணக்குத் துறைக்கு என்னைத் தலைவராகப் போட்ட வருடம்... எனக்கு வாரத்துக்கு ஒரே ஒரு மஞ்சள்! பிசினஸ் துறைக்கு ஆறு. ஃபுல் டைம் ஆட்களை எண்ணித்தான் கொடுப்பார்கள். என் துறையில் என்னைச் சேர்த்து மூன்றே பேர். பார்ட் டைம் ஒன்பது பேர் கணக்கிலேயே கிடையாது. ஆனால் அவர்களில், தீவின் மேற்கே ஜூரோங்கிலிருந்து வருகிற ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், மாற்று ஆள் தேடி ஓடுவது நான்தான்.

ஓடுவதுகூடப் பரவாயில்லை. புதன் மத்தியானம் எனக்கு ரிப்பீட் கிளாஸ். ஏற்கெனவே ஃபெயிலான எட்டுப் பேர். இன்னொரு முறை ஃபெயிலானால் கல்லூரியை விட்டே போக வேண்டும். ஒரு புதன்கிழமை பாதிப் பாடத்தில் ஆள் தேடி ஓடி, அரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். ஷாந்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். காலையில் தேக்கா மார்க்கெட்டில் அப்பா கடையில் நின்றுவிட்டு வகுப்புக்கு வருகிற பெண்.

"எல்லாரும் போயிட்டாங்க மிஸ். நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சிட்டாங்க."

அவள் குறை சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

போர்டைப் பார்த்துக்கொள்ளும் சரோஜா அக்காவிடம் புலம்பினேன். "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். போய்க் கேளுங்க லா" என்றார்.

அழுவதெல்லாம் எனக்கு வராது. ஒரு வாரம் முழுக்க, நான் பார்த்த ஒவ்வொரு நிர்வாக வேலையையும் மஞ்சள் ஸ்டிக்கி நோட்டில் எழுதி, போர்டில் என் வரிசையில் அந்தந்த நேரத்தின் மேலேயே ஒட்டினேன். வியாழக்கிழமை நோட்டு தீர்ந்துபோனது. அக்கா ஒன்றும் தெரியாதவர் மாதிரி இன்னொரு கட்டை நீட்டினார்! வெள்ளிக்கிழமை என் வரிசையில் நீலமே தெரியவில்லை.

பிரின்சிபால் சார் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். போர்டு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எல்லா ஹெட்டும் இப்படி ஒட்ட ஆரம்பிச்சா போர்டு பத்தாதும்மா."

"ஒட்டட்டும் சார். அப்பத்தான் வேலை எங்க இருக்குன்னு தெரியும்."

சிரித்துவிட்டார். "சரி, இன்னும் ரெண்டு தர்றேன். அந்த ரிப்பீட் கிளாஸை விட்டுருங்க. எட்டுப் பேர்தானே, வேற யாராச்சும் பாத்துக்கட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! அந்த எட்டுப் பேருக்காகத்தானே இவ்வளவு கூத்தும்?

"அது மட்டும் முடியாது சார். என் ஃபர்ஸ்ட் இயர் கிளாஸை எடுத்துக்குங்க."

"அது ஈசி கிளாஸ் ஆச்சே! ஹெட் எல்லாரும் அதைத்தானே வச்சுக்குவாங்க?"

"அதனாலதான் சார் தர்றேன்."

"சரியான பிடிவாதம் லா உங்களுக்கு" என்றபடி பெட்டியிலிருந்து இரண்டு மஞ்சள் எடுத்தார். டக்... டக்.

அந்த மஞ்சள் நேரத்தில் முதல் வேலையாக மாற்று ஆட்கள் பட்டியலைப் போட்டு அக்கா கையில் கொடுத்தேன். அதன் பிறகு புதன் மத்தியானம் யார் கதவைத் தட்டினாலும் நான் வெளியே வரவில்லை. எட்டில் ஏழு பேர் பாஸ். ஷாந்தியும்தான். பாஸாகாத அந்த ஒருவனின் முகம் இன்னும் மறக்கவில்லை.

இப்போது வேறு கல்லூரி. இங்கேயும் நான் துறைத் தலைவர்தான். எல்லாம் கம்ப்யூட்டரில். பார்ட் டைம் ஆட்களையும் எண்ணுகிறார்கள், கேட்காமலேயே நேரம் கிடைக்கிறது. நல்லதுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எதிரே நின்று மல்லுக்கட்ட சார் இல்லை... ஸ்டிக்கி நோட் நீட்ட அக்காவும் இல்லை.

ஒவ்வொரு செமஸ்டரும் நான் எந்த வகுப்பை விடலாம் என்று கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் காட்டும். மாணவர்கள் குறைவு என்பதால் ரிப்பீட் கிளாஸ்தான் எப்போதும் முதலில். பக்கத்தில் 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டன்.

நேற்றும் காட்டியது. 'வேண்டாம்' அழுத்திவிட்டு, புதன் மத்தியானப் பாடத்துக்கு நோட்ஸ் எழுத உட்கார்ந்தேன்.