மீட்டர் நம் சுவரில், செய்தி யார் போனில்?

கதவைத் தட்டிவிட்டு, யாரும் திறந்துவிடக் கூடாதே என்று மனதுக்குள் வேண்டிக்கொள்கிற ஆள் செய்யக் கூடாத தொழில் ஒன்று உண்டு; அந்தத் தொழிலைத்தான் நான் செய்கிறேன்.

சூளகிரிப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பழைய கரண்ட் மீட்டரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டர் மாட்டுகிறார்கள். மாட்டுகிறவர் மணி. மதுரைப் பக்கத்துக்காரர், நாற்பது வயது, எதற்கும் கூச்சப்படாதவர். பகலில் வீட்டில் பெண்கள்தான் இருப்பார்கள், முன்பின் தெரியாத ஆண் தட்டினால் திறக்க யோசிப்பார்கள் என்பதால், முன்னால் போய்த் தட்டுவதற்கு உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டுமென்று ஒப்பந்தக் கம்பெனி கேட்டது. நான் எட்டாவது வரை படித்தவள். ஓசூரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கம்பெனியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேச வரும். மூன்றிலும் கூச்சமும் வரும்.

தட்டுவது, விவரம் சொல்வது, செய்தி வருவதற்கு ஒரு போன் நம்பர் வாங்குவது, மணி கழற்றிய திருகாணிகள் எல்லாம் திரும்ப ஏறிவிட்டனவா என்று எண்ணிப் பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை. கடைசி வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். காஸ்காரர், கணக்கெடுப்புக்கு வருகிறவர், சொட்டு மருந்து போட வருகிறவர் என்று அடுத்தவர் வாசலில் நின்று பிழைக்கும் எல்லோருக்கும் நான் பட்ட பாடு புரியும்.

காது உண்டா?

பெயின்ட் கடை வைத்திருக்கும் பாய் வீட்டில் அன்று அவரே இருந்தார். மீட்டருக்குள் போனில் போடுவது போல ஒரு சிம் இருக்கிறது, அரை மணிக்கு ஒரு தடவை அது கணக்கை டவர் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும், இனிமேல் ரீடிங் எடுக்க யாரும் வர வேண்டியதில்லை என்று மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தேன். சிம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சிம் இருந்தால் மைக்கும் இருக்குமே, வீட்டுக்குள் பேசுவதெல்லாம் போய்விடாதா என்று கேட்டார். வியாபாரி, சரக்கை என்ன விலைக்கு எடுத்தார் என்பது சுவருக்குக் கூடத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்.

கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று போகிற ஆள் இல்லை நான். மணியிடம் சொல்லி, மாட்டாமல் இருந்த மீட்டர் ஒன்றைத் தரையில் வைத்து, எது எதற்கு என்று காட்டச் சொன்னேன். கரண்ட் நுழையும் இடம், வெளியேறும் இடம், எண் ஓடும் திரை, செய்தி அனுப்புகிற பகுதி. எவ்வளவு கரண்ட் போனது என்பதைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது, காது கிடையாது என்றேன். பாய் நிம்மதியாகிவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிதான் சொன்னார்: "காதோட இருக்கிற மீட்டர் இருந்தா ஒண்ணு கொண்டாங்கக்கா. இவர் பேசறதை இத்தனை வருஷமா நான் ஒருத்தியே கேட்டுட்டிருக்கேன்."

டீக்கடை போன்

நம்பர் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் தங்கள் நம்பரைச் சொல்ல மாட்டார்கள். காஸ் பதிவா, ரேஷனா, நகைக்கடைச் சீட்டா, எதுவானாலும் தெருவில் நம்பிக்கையான ஒரு ஆள் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். அவர் செய்தியைப் படித்து, அந்த வழியாகப் போகும்போது சொல்லிவிடுவார். காலனித் தெருவுக்கு அந்த ஆள் டீக்கடை சின்னப்பா. கேட்ட வீட்டிலெல்லாம் அவர் நம்பரையே சொன்னார்கள். திரும்பத் திரும்ப அதே நம்பரை எழுதும்போது எனக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் கொடுத்ததை எழுதுவதுதான் வேலை என்று எழுதிக்கொண்டேன்.

மீட்டர்கள் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் காலையில் நானும் மணியும் அந்தக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எந்த வீட்டில் நேற்று எவ்வளவு ஓடியது என்று சின்னப்பாவின் போனுக்குச் செய்தி வந்தபடியே இருந்தது. தபால் கொடுப்பது போல அவரும் உண்மையான அக்கறையோடு ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பால் வாங்க வந்த ஒரு அம்மாவிடம் பத்துப் பேர் முன்னால் கேட்டார்: "நேத்து உங்க வீட்ல வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு ஓடியிருக்குதே, பொண்ணு பார்க்க வந்தாங்களாக்கா? எங்ககிட்ட சொல்லவேயில்லையே."

சாந்தியின் கேள்வி

நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் முனிராஜப்பாவின் காம்பவுண்டு. மாடியில் அவர் வீடு, கீழே வரிசையாக ஐந்து லைன் வீடுகள். கடைசி வீட்டில் சாந்தி. வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை, கணவர் இல்லை, பெண் ஒன்பதாவது படிக்கிறாள். கம்பெனி பஸ் வாசலிலேயே நிற்கும் என்பதால், அலைந்து திரிந்து பிடித்த வீடு அது.

மீட்டர் வேண்டாம் என்று அவள் சண்டை போடவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இரண்டாவது ஷிப்ட் முடிந்து பதினோரு மணிக்கு வருகிறாள். வந்ததும் ஹீட்டர் போட்டுக் குளித்தால்தான் உடம்பிலிருந்து எண்ணெய் வாடை போகும். இப்போதே வீட்டுக்காரர் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நேற்று ராத்திரி லைட் ஏன் எரிந்தது, யார் வந்தது என்று கேட்கிறார். அந்த மீட்டரின் செய்தியும் அவர் நம்பருக்கே போனால், அவள் வருவதும் போவதும் விளக்கை அணைப்பதும் அவருக்குத் தெரியுமா, தெரியாதா?

யாராவது இப்படிக் கேட்டால் மீட்டரை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்று சொல்லிவிடுங்கள் என்பது சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்த பதில். என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. என் வீட்டிலும் அந்த மீட்டர்தான். போனில் அதற்கென்று இருக்கும் ஆப்பைத் திறந்தால் அரை மணிக்கு ஒரு கோடு நிற்கும். நான் இட்லிக்கு மாவு அரைத்த நேரத்தில் கோடு எழும்பி நின்றதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். "என்ன போட்டோம்னு தெரியாதும்மா. எப்ப போட்டோம்னு தெரியும்" என்றேன். சாந்தி என் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "நிஜத்தைச் சொன்ன மொத ஆளு நீங்கதாங்கம்மா. அதனாலதான் சொல்றேன், அவர் நம்பர்ல இதை மாட்டினா நான் வீட்டைக் காலி பண்ணிக்கிறேன்."

ஆறுக்கும் ஒரே நம்பர்

மின்வாரியப் பிரிவு அலுவலகத்து இன்ஜினியரிடம் போய்க் கேட்டேன். அங்கே உள்ளே போவதற்குள் இரண்டு முறை கதவு வரை போய்த் திரும்பினேன் என்பதை மணி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். இன்ஜினியர் நல்லவிதமாகவே பதில் சொன்னார். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் குடியிருப்பவர் நம்பரைப் பதியலாம். அவர் சம்மதிக்காவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

முனிராஜப்பா கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வாடகைக்கு விட்டால் வீட்டோடு சேர்த்து வீட்டில் இருப்பவர்களும் தன் பொறுப்பு என்று நினைக்கிறவர். சுவர் என்னுடையது, மீட்டர் என் சுவரில் இருக்கிறது, நம்பரும் என்னுடையதாகத்தான் இருக்கும் என்றார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதில் இந்த ஆப் எல்லாம் வராது. ஆகவே எல்லாக் காரியத்துக்கும் கொடுப்பது போலப் பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளையின் நம்பரைக் கொடுத்தார். மாப்பிள்ளை பார்த்துத் தினமும் போனில் சொல்லிவிடுவாராம்.

என் வழக்கப்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். கீழ் வீடுகள் ஐந்துக்கும் இந்த நம்பரா? ஆமாம். மேலே உங்கள் வீட்டுக்கும் இதே நம்பரா? ஆமாம். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று இன்னொரு முறை கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "ஆறுக்கும் ஒரே நம்பரும்மா. கல்யாணத்துக்குக் கூட என்னை இத்தனை தடவை யாரும் கேக்கல."

மணி அவர் வீட்டுக்கும் மற்ற நான்கு வீடுகளுக்கும் மாட்டினார். கடைசி வீடு மட்டும் பாக்கி. அடுத்த சனிக்கிழமையோடு எங்கள் வேலை வேறு ஊருக்கு மாறுகிறது, அதற்குள் எப்படியும் முடித்துவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சாந்தி வேறு வீடு தேட ஆரம்பித்தாள். ஒற்றையாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

மாப்பிள்ளை பார்த்துவிட்டார்

முனிராஜப்பாவின் மனைவி அப்போது பெங்களூரில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். பேரன் பிறந்தும் தாத்தா போய்ப் பார்க்கவில்லை. தக்காளி பறிப்பு நடக்கிறது, கூலி ஆட்களோடு வெயிலில் நிற்கிறேன், தோட்டத்தை விட்டு நகர முடியவில்லை என்று தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் முனிராஜப்பா டீக்கடைக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சின்னப்பாவின் காதுக்கு எட்டாத தூரத்துக்கு என்னைக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்ததைச் சொன்னார். மாப்பிள்ளை ஆப்பை மாமியாரிடம் காட்டியிருக்கிறார். தினமும் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு மாடி வீட்டில் கோடு எழும்பி, நாலு மணி வரை இறங்காமல் நின்றிருக்கிறது. தோட்டத்தில் வெயிலில் நிற்கும் மனுஷனுக்கு வீட்டில் ஏசி எதற்கு ஓடுகிறது என்று மனைவி கேட்டிருக்கிறார். மகள் கேட்டிருக்கிறாள். மகளின் மாமியாரும் கேட்டுவிட்டார்.

"என் வீட்ல நான் எப்ப படுக்கறேன், எப்ப எழுந்திருக்கிறேன்னு அவங்களுக்கு எதுக்கும்மா தெரியணும்?" என்றார். உண்மையாகவே அவமானப்பட்டிருந்தார், பாவம். சமாதானம் சொல்லலாமா என்று நினைத்தேன். கடைசியில் வந்தது ஒரே ஒரு வரி: "சாந்தியும் இதையேதாங்க கேட்டா."

அவர் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். ஓசூர் பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, பேசியது தப்போ என்று நின்றேன். பிறகு அவரே கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார்: "கொடுங்கம்மா, கையெழுத்துப் போடறேன். அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க நம்பர். என் வீட்டுக்கு இந்தப் பட்டன் போன் நம்பரே போதும், இதுல எனக்கே ஒண்ணும் தெரியாது."

கடைசி வீடு

மறுநாள் சனிக்கிழமை காலையில் மணி சாந்தி வீட்டு மீட்டரை மாட்டினார். நான் திருகாணிகளை எண்ணினேன்; சரியாக இருந்தன. சாந்தியின் நம்பரை அவள் சொல்லச் சொல்ல எழுதி, திரும்பப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவள் போனில் முதல் செய்தி வந்தது. மற்ற நான்கு வீடுகளில் குடியிருப்பவர்களும் தங்கள் போன்களோடு வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். விஷயம் பரவி, சாயந்திரத்துக்குள் காலனித் தெருவும் நம்பர் மாற்ற டீக்கடைக்கு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக என் முன்னால் கூட்டம். நான் யார் கதவையும் தட்டவில்லை. டீ ஆற்றிக்கொண்டே பார்த்திருந்த சின்னப்பா மட்டும் பெருமூச்சு விட்டார்: "இனிமே எந்த வீட்ல விருந்தாளின்னு தெரியாம நான் எத்தனை போண்டா போடறது?"

ஒன்றை மறைக்காமல் சாந்தியிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்குத் தெரியாதே தவிர, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அந்தக் கோடுகள் போய்க்கொண்டுதான் இருக்கும். அதை யார் பார்க்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு என்றேன். கேட்கிறேன் என்றாள். இப்போதைக்கு இது போதும் என்றும் சொன்னாள்: "ஆபீசு என் வாசல்ல கட்டில் போட்டு உக்காராதுங்கம்மா."

அடுத்த வாரம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலைக்குப் போவதற்காக விடியற்காலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அதே பஸ்ஸில் எங்கோ போவதற்காகச் சாந்தியும் மகளோடு வந்தாள். வீடு தேடுவதை நிறுத்திவிட்டாளாம். முனிராஜப்பா பேரனைப் பார்க்கப் போயிருக்கிறாராம், கட்டிலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டாராம். ஏறும் அவசரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ராத்திரி பதினோரு மணிக்குச் சுடுதண்ணி வச்சு நிதானமாக் குளிச்சேங்கம்மா. யாரும் ஒண்ணும் கேக்கல."

கதவு திறக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு தட்டுகிற எனக்கு, மற்றவர்கள் கதவை நிம்மதியாகச் சாத்திக்கொள்ள உதவுகிற வேலைதான் வாய்த்திருக்கிறது என்பது இந்த வயதில்தான் தெரிந்தது.