அண்ணன் திருப்பிச் சொன்னது

இங்கே வெளிநாட்டில், நான் இருபது வருடமாக இருக்கும் பெர்கனில், டாக்டரே வெளியே வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கை குலுக்கி உள்ளே அழைத்துப் போகிறார். ஃபாஸ்ட்லேகே என்பார்கள்; நமக்கென்று ஒதுக்கப்பட்ட டாக்டர். முதல் முறை, ஏதோ பெரிய வியாதி, அதனால்தான் இந்த உபசாரம் என்று பயந்துவிட்டேன். சர்க்கரைதான். மாத்திரைகளை விளக்கிவிட்டு, "இதில் உங்களுக்கு எது சிரமமாக இருக்கும்?" என்று அந்த அம்மாள் கேட்டார். "ஒன்றுமில்லை டாக்டர்" என்றேன். நம்மூரில் வேறென்ன சொல்வோம்? அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒன்றுமில்லை என்பவர்கள்தான் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்." பிறகுதான் கப்பல் பட்டறையில் ஷிப்ட் மாறுவதையும் சாப்பாட்டு நேரம் தவறுவதையும் சொன்னேன். அதற்கேற்ப மாற்றிக் கொடுத்தார். இன்றுவரை ஒரு வேளை விட்டதில்லை.

அதே சர்க்கரை தூத்துக்குடியில் என் அண்ணன் சேவியருக்கும் உண்டு. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் அவர்தான் தண்டல், அதாவது தலைவர். தண்டல் சொன்னதைச் சுக்கான் பிடிப்பவன் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காதில் விழவில்லை என்று அர்த்தம். அந்தப் பழக்கம் கரையிலும் அண்ணனை விடவில்லை. போன மழைக்காலத்தில் காலில் புண்ணோடு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, "ஊசி ரெண்டு வேளை. கால்ல தண்ணி படக்கூடாது" என்றிருக்கிறார். அண்ணனும் கணீரென்று, "ஊசி ரெண்டு வேளை. கால்ல தண்ணி படக்கூடாது" என்றிருக்கிறார்.

"என்னய்யா, கிண்டலா? காலை வெட்டும்போது தெரியும். அடுத்த ஆளு வாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். அவர்களில் இருவர் அண்ணனுக்குக் கீழே தோணியில் வேலை பார்த்தவர்கள். மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்த அண்ணன், மறுவாரமே கடலேறிவிட்டார். அந்த டாக்டரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்துச் சலித்திருந்தாரோ. அவர் எழுதிய மருந்தும் சரியான மருந்துதான்.

இப்போது பாதம் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிர் தப்பும், இந்த வாரமே எடுக்க வேண்டும் என்று வேறோர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் போக மாட்டேன் என்கிறார். நேற்று மதினி அழுதுகொண்டே போனை அவர் கையில் கொடுத்தாள். நான் இந்த ஊரில் கற்றுக்கொண்டபடி குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஒங்களுக்கு இதுல எதுண்ணே பயமா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஏலே, ஒருநாளும் இல்லாம இப்படி மெதுவாப் பேசுதியே. கால எடுத்தாலும் பொழைக்க மாட்டான்னு சொல்லிட்டாங்களா?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

"பின்ன என்னலே, திட்டு. நம்ம வீட்டு ஆளு திட்டுனா போவேன்."

எங்கள் வீட்டில் அன்பு என்றாலே அதட்டல்தான். அந்நியன் ஒரு சொல் சொன்னால் தாங்காத அண்ணன், நான் நூறு சொன்னாலும் கேட்டுக்கொள்வார். வாயைத் திறந்தேன். இருபது வருடமாக யாரையும் அதட்டிப் பழகாத தொண்டை. அதே மெதுவான, மரியாதையான குரல்தான் மறுபடியும் வந்தது. "தயவுசெஞ்சு போங்கண்ணே."

அண்ணன் போனை மதினியிடம் நீட்டியபடி சொல்வது எனக்குக் கேட்டது.

"இந்தா, வாங்கிக்கோ. யாரோ டாக்டரு பேசுதாரு."