என் வீட்டு முகவரியில் தங்கை

எங்கள் குடும்பத்தில் மனு எழுதுவது, கார்டு மாற்றுவது, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது எல்லாம் நான்தான். டீச்சர் வேலை பார்ப்பதால் எனக்குத் தெரியாதது இல்லை என்றொரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் என் தங்கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையைக் கெடுத்தேன்.

அவள் அப்பாவோடு சிறுமலையில் இருந்தாள். வாழைத்தோட்டத்து வேலை போக மீதி நேரமெல்லாம் மலைப்பாதையில் ஓடுவாள். போலீஸ் ஆக வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இரண்டு முறை தேர்வு எழுதி நூலிழையில் விட்டவள். வயது வரம்பு முடிய ஒரு வருஷம்தான் இருந்தது.

அப்போது டவுன் ஸ்டேஷன்களுக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. டவுனுக்குள் குடியிருக்க வேண்டும், டிரைவிங் லைசென்ஸ் வேண்டும். எங்கள் மலையில் பிள்ளைகளை டவுன் பள்ளியில் சேர்க்கச் சொந்தக்காரர் வீட்டு ரேஷன் கார்டில் பெயரை ஏற்றுவது வழக்கம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. நானும் அப்பாவின் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்கி, டவுனுக்குள் நாகல் நகரில் இருக்கும் என் வீட்டுக் கார்டில் சேர்த்தேன். ஆதாரையும் மாற்றினேன். லைசென்ஸ்தான் இழுத்தது. எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டாள். மறுபடி டெஸ்டுக்குத் தேதி கிடைப்பதற்குள் விண்ணப்ப நாள் முடிந்துபோனது.

ஆறு மாதம் கழித்து இன்னோர் அறிவிப்பு. மலை ஸ்டேஷன்களுக்கு ஆள் கிடைக்காமல் நிபந்தனைகளைத் தளர்த்தியிருந்தார்கள். டவுனில் குடியிருக்க வேண்டியதில்லை. லைசென்ஸும் வேண்டாம், பயிற்சியிலேயே ஓட்டக் கற்றுத்தருவார்கள். மலைக் கிராமத்தில் ஒரு வருஷமாக வசிப்பதற்குச் சான்று இருந்தால் போதும்.

"உன்னைய எனக்குத் தெரியாதா தாயி? தெனம் நீ ஓடுறதப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார், சான்று கேட்டு நாங்கள் போய் நின்றபோது, கிராம நிர்வாக அலுவலர் அவளிடம். "ஆனா கார்டுல டவுனுன்னுல்ல இருக்கு. நான் எப்படி எழுதிக் குடுக்க?"

அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? நான் மாற்றிய காகிதத்தைத்தான் அவர் படித்தார். விடாமல் மனு மேல் மனு போட்டேன். முகவரியைத் திருப்பி மாற்றலாம், மாற்றிய நாளிலிருந்துதான் ஒரு வருஷம் கணக்கு என்று பதில் வந்தது. அதற்குள் அவளுக்கு வயது முடிந்துவிடும். அன்றைக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

எல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் மலைக்குப் போனேன். வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

"உன் பேர மறுபடி அப்பா கார்டுலயே சேத்திரவா?" என்றேன்.

"வேணாம்க்கா. அது எங்க இருந்தா என்ன?"

"இப்ப ஓடப் போறதில்லையா?"

அவள் மிளகிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஷூவ பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்குக் குடுத்துட்டேன். அதைப் போட்டுத்தான் அது செலக்சன்ல ஓடுச்சு. வேலை கெடச்சிருச்சுக்கா."