கார்டு வண்டி முன்னால் வந்தது

மலாக்கா ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கும் பொய்யாத விநாயகர் சந்நிதியில், எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொல்கிறேன். இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் கூடவே போகலாம். நல்லையா இருந்திருந்தால் இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் முதலில் விரட்டியிருப்பார்.

எங்கள் காஜா பெராங் பக்கத்தில் நல்லையாவைத் தெரியாதவர் கிடையாது, பிடித்தவரும் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர். மலாக்கா ஸ்டேஷனின் கூட்ஸ் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. வேலை முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு தண்டவாள ஓரத்துக்குப் போவார். பயணிகள் வண்டி வந்தால் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். மனிதர்களை ஏற்றுவது வண்டியே அல்ல என்பது அவர் கட்சி. சரக்கு வண்டி மட்டும்தான். முன்னால் எஞ்சின், நடுவில் நம்பர் எழுதிய வேகன்கள், கடைசியில் கொடி பிடிக்கிற கார்டு உட்கார்ந்து வரும் கார்டு வண்டி. கல்யாணப் படம் எடுத்துத் தரச் சொல்லிப் போனவர்களின் முகத்தில் கதவைச் சாத்தியவர் அவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. ஜப்பான்காரன் மலாக்காப் பாதையின் தண்டவாளத்தைப் பிடுங்கி, சயாமில் புதுப்பாதை போட அனுப்பிவிட்டான். கூடவே ஆட்களையும் பிடித்து அனுப்பினான். பிடுங்கியதை நீளம் பார்த்து அடுக்கத் தெரியாத கூட்டம் என்பதுதான் நல்லையாவின் மனக்குறை. கேமராவோடு கெம்பித்தாய் போலீஸிடம் சிக்கினால், ஒற்றன் என்று தலை போகும். அவரோ அதை மரவள்ளிக்கிழங்குக் கூடையில் ஒளித்துக்கொண்டு, ஒரே ஒரு படத்துக்கு மிச்சமிருந்த பிலிமோடு, லாலாங் புல் மூடிய பாதையோரத்தில் தினமும் நின்றார்.

பக்கத்து வீட்டுப் பூங்காவனமும் வந்து நிற்பாள். அவள் புருஷன் மருதமுத்துவை ஆறு மாதமாகக் காணோம். சயாம் கூட்ஸில் அடைத்துக் கொண்டுபோய்விட்டார்கள் என்றது ஊர். பார்த்தவர் ஒருவரும் இல்லை. சொன்னவர் தெரு முழுக்க.

“கிராணி, போன வழியிலதானே திரும்பி வருவாரு?”

“கூட்ஸிலை சரக்குத்தான் வரும். மனுசர் வரமாட்டினம்.”

அதற்கு மேல் அவளோடு பேசுவது அவருக்குக் கௌரவக் குறைவு.

அன்று கடிகாரத்தில் இரவு ஏழே முக்கால். வெயில் இன்னும் போகவில்லை. அது பேயின் வேலை அல்ல. ஜப்பான்காரன் ஊர்க் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைத்த வேலை. பழைய கணக்கில் ஆறேகால்... முன்பெல்லாம் தம்பின் ஜங்ஷனிலிருந்து கூட்ஸ் வந்து சேருகிற நேரம்.

டடக் டடக்... டடக் டடக்...

நல்லையா முகம் சுளித்தார். தண்டவாளமே இல்லாத இடத்தில் தண்டவாள மூட்டுச் சத்தமா?

வளைவில் முதலில் தெரிந்தது கார்டு வண்டி. அதன் பின்னால் கறுத்த இரும்பு வேகன்கள். ஒன்றிலும் நம்பர் இல்லை. எஞ்சின் கடைசியில் வந்தது. புகை கக்கியது; கரி வாசனை இல்லை. பாலர் வகுப்பில் கீறின படம் மாதிரி ஒரு வண்டி. அவருக்குப் பயம் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது.

வழக்கம்போலக் குனிந்து, சக்கரங்களை எண்ணப் பார்த்தார்.

சக்கரம் இல்லை.

கீழே... புல் அசையவும் இல்லை.

அப்போதுதான் முதுகு சில்லிட்டது.

வண்டி நின்றது. ஒரு வேகனின் கதவு விலகியது. உள்ளே இருட்டு.

“பூங்கா... ஏறு.”

மருதமுத்துவின் குரல். அந்த மூக்கடைப்புக்கூட அப்படியே.

பூங்காவனம் ஓடினாள். நல்லையா கூடைக்குள் கைவிட்டார். அவளைக் காப்பாற்ற அல்ல. இவ்வளவு கேடுகெட்ட வண்டியைப் படமில்லாமல் யார் நம்புவான்? குறி பார்த்தால்... குறுக்கே அவள்.

“தள்ளி நில்லடி, விசரி.”

அவள் தள்ளவில்லை. க்ளிக்.

பிலிம் தீர்ந்தது. இனி வேறு வேலை இல்லை. எட்டி அவள் முந்தானையைப் பிடித்தார்.

“விடுங்க கிராணி. அது அவரு குரலு.”

“குரல் சரி. வண்டி பிழை.”

இழுத்தார். உள்ளிருந்தும் இழுத்தது...

“கார்டு வண்டி முன்னுக்கு வாற வண்டியிலை ஒருத்தரும் ஏறக்கூடாது. இறங்கு.”

சேலை கிழிந்தது.

அவள் புல்லில் விழுந்தாள்.

வண்டி போகவில்லை.

இல்லாமல் போனது.

பண்டார் ஹிலிரில் படக்கடை வைத்திருந்த யூனுஸ், கடையைச் சாத்திவிட்டு அந்த பிலிமைக் கழுவினார். படத்தில் ரயில் இல்லை. புல், வானம், நடுவில் பூங்காவனம். நீட்டிய கையின் மணிக்கட்டில், யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் சதை அமுங்கியிருந்தது. இரண்டு பாதமும் புல்லுக்கு ஒரு முழம் மேலே... அந்தரத்தில்.

யூனுஸ் படத்தை நீட்டினார். நல்லையா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வண்டி விழவில்லை, பிலிம் வீண் என்று சொல்லி, படத்தை யூனுஸின் மேஜையிலேயே போட்டுவிட்டு நடந்தார்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன மறுவாரம், மருதமுத்து இரவல் சைக்கிளில் வீட்டு வாசலில் வந்து இறங்கினான்: அவன் சயாம் பக்கமே போகவில்லை, ஆள்பிடிப்புக்குப் பயந்து, அவ்வளவு காலமும் ஆறு மைல் தள்ளிப் புக்கிட் ரம்பாயில், மரவள்ளி நட்டுக்கொண்டு உயிரோடுதான் இருந்தான்.