நடக்காத கல்யாணத்துக்கு ஜவுளி

எங்கள் குடும்பத்தில் நடக்கவே நடக்காத ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் ஜவுளி எடுக்கப் போயிருக்கிறோம். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பிறகு எத்தனையோ நிஜக் கல்யாணங்களுக்குப் போய்விட்டேன். ஒன்றிலும் அந்த ருசி இல்லை.

அம்மா தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தாள். ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாளே, ஆள் அதிகம், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம் அவர்களிடமே நின்றுபோனது. கேட்கப் போனால், நாளைக்கு வா. மறுபடி போனால், முதலாளி ஊரில் இல்லை. அதற்கும் மேல் போனபோது, அம்மாவை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிக் காவலாளிக்கு உத்தரவு போயிருந்தது. இதற்குள் வாடகை பாக்கி விழுந்து, கோட்டூர்புரத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் நெருக்கினார். அம்மா சாமான் கட்ட அட்டைப்பெட்டிகளைச் சேர்க்க ஆரம்பித்தாள். நான் அவற்றுக்குள் புகுந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

யோசனை பெரியம்மாவுடையது. அவள் சாதாரணமாகப் பேசினாலே ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

"கல்யாணப் பார்ட்டி வந்தா நாள் முச்சூடும் பொடவயப் பிரிச்சிக் காட்டணும், மூஞ்சக் காட்டக் கூடாதுன்னு நீதானடி சொல்லிக்கினு இருப்ப? கெளம்பு, போலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குடியிருப்பின் பாதிப் பெண்கள் இருக்கிற பட்டையெல்லாம் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். கல்யாணப் பெண், பெரியம்மாவின் மகள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. தாலியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, மெட்டிகளைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். தொலைத்தால் தோலை உரித்துவிடுவதாகவும் சொன்னாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஷேர் ஆட்டோவில் போகும்போதே கால் தரையில் நிற்கவில்லை.

கடை வாசலில் காவலாளி, கூட்டத்தின் நடுவே தலை குனிந்து வந்த அம்மாவை நேராகப் பார்த்தார். நான் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் கதவை அகலமாகத் திறந்து பிடித்தார்.

"வாங்கம்மா. முகூர்த்தப் பட்டு மாடியில" என்றார்.

மாடியில் வெள்ளை மெத்தை விரித்திருந்தது. அங்கே நின்ற அக்கா அம்மாவோடு வேலை பார்த்தவள். எங்களைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு புடவைகளை இறக்க ஆரம்பித்தாள். பெரியம்மா மயில்கழுத்து நிறம் கேட்டாள். வந்ததும் கரை சின்னதாக இருக்கிறது என்றாள். அரக்கு கேட்டாள், பொண்ணு கறுப்பாகத் தெரிகிறாள் என்றாள். புடவைகள் குவிந்து கல்யாணப் பெண்ணை இடுப்புவரை மூடிவிட்டன. எங்களுக்கு ரோஸ் மில்க் வந்தது. நான் இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பெரிய பார்ட்டி என்று கேள்விப்பட்டு முதலாளியே கும்பிட்டபடி மேலே வந்தார். அம்மாவைக் கண்டதும் கும்பிட்ட கை அப்படியே நின்றது.

பெரியம்மா கோபமே இல்லாமல் சொன்னாள். "இவ சம்பளம் வந்தாத்தான் நைனா நாங்க பொடவ எடுக்க முடியும். அதுவரிக்கும் பாத்துக்கினு இருக்கோம்."

அவர் குரலை உயர்த்த வாய் திறந்தார். பக்கத்து மெத்தையில் நிஜமாகவே கல்யாணத்துக்கு எடுக்க வந்திருந்த மயிலாப்பூர் மாமி, தேர்ந்தெடுத்து மடியில் வைத்திருந்த புடவைகளைக் கீழே இறக்கினார்.

"வேலை பாத்தவாளுக்குச் சம்பளம் குடுக்கலையா? குடுத்துட்டு வாங்கோ. அதுவரைக்கும் நாங்களும் பாத்துண்டு இருக்கோம்."

முதலாளி மாமியின் புடவைகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கீழே போய், ஒரு கவரோடு அவரே திரும்பி வந்தார். அம்மா எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். எனக்கு அந்த மெத்தையிலேயே குட்டிக்கரணம் போட வேண்டும் போல இருந்தது.

தெருவுக்கு வந்ததும் ஒரே சிரிப்பு. மெட்டிகள் காலுக்குத் திரும்பின. ஆட்டோ பிடித்து ஏறும்போதுதான் அம்மாவைக் காணவில்லை என்று தெரிந்தது. நான் மாடிக்கு ஓடினேன். அம்மா அந்த அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, நாங்கள் குவித்த புடவைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

"எதுக்கும்மா? உன்ன வேணாம்னு தொரத்துனவங்க தானே?"

"அந்த முனையப் புடி" என்றாள் அம்மா.

உம்மென்று பிடித்தேன். மத்தியானம் வெகுநேரமாகி, கடைசிப் புடவை அலமாரிக்குப் போய், அந்த அக்கா சாப்பாட்டு டப்பாவோடு கீழே இறங்கிய பிறகுதான் அம்மா எழுந்தாள். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று நானாக முடிவு கட்டிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பல வருஷம் கழித்து, கல்லூரி விடுமுறையில் நானும் ஒரு துணிக்கடையில் நின்றேன். பிரித்துப் போட்டதையெல்லாம் மடித்து அடுக்காமல் யாரும் சாப்பிடப் போகக் கூடாது என்று முதல் நாளே சொன்னார்கள்.