பக்கத்து நாற்காலிக்காரி

மின்தடைப் புகார்ப் பிரிவில் பதினோரு வருடமாக ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'குக்கர்'. காலையில் மூன்றாவது அழைப்புக்கே விசில் அடித்துவிடுவார். அவர் வைத்த வேகத்தில் இரண்டு ரிசீவர்கள் உடைந்திருந்தன.

அதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை, பக்கத்து நாற்காலிக்கு ஒருத்தி மாற்றலாகி வரும்வரை. அவளும் அதே அழைப்புகளைத்தான் எடுத்தாள், அதே வசவைத்தான் வாங்கினாள். ஆனால், "புரியுதுங்க, ஆள் கிளம்பிட்டாங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று இதமாகச் சொல்லி முடிப்பாள். கத்தியவர்களே நன்றி சொல்லி வைப்பது அவள் பதிலிலேயே இவருக்குத் தெரிந்துவிடும். வயிறு எரியும்.

எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றியது அவர் மனைவி. "மத்தியானம் கரண்ட் போச்சுன்னு உங்க ஆபீஸுக்குப் பண்ணேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. என்ன பொறுமை, என்ன மரியாதை!"

"என் செல்லுக்குப் பண்ண வேண்டியதுதானே?"

"எதுக்கு, வள்ளுன்னு விழவா?"

அந்த வாரமே டாக்டர் ரத்த அழுத்தம் ஏறியிருப்பதாகச் சொல்லி, "டென்ஷனைக் குறைங்க" என்றார். மாத்திரைச் சீட்டைப் பார்க்கும்போதும் இவருக்கு அவள் முகம்தான் தெரிந்தது. தினமும் மூன்று மணிக்குக் கால்மணி நேரம் காணாமல் போகிறாளே, எங்கே? மேனேஜர் அறைக்குத்தான். காக்கா பிடித்து, சாதுவான அழைப்புகளாகப் பார்த்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான்.

மறுநாள் பின்தொடர்ந்தார். அவள் மேனேஜர் அறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு மாடியும் படியில் இறங்கி, கட்டடத்தின் பின்புறம் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனாள். கையை வீசி வீசி வேகமாகச் சுற்ற ஆரம்பித்தாள். வாயும் சும்மா இல்லை.

"ஃபேன் ஓடலைன்னா நான் வந்து வீசணுமா? என்னையா மக்குங்கறே? நீதான்யா மக்கு, உன் ஃப்ரிட்ஜும் மக்கு!"

வேனுக்குப் பின்னால் நின்றவருக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அவள் திடுக்கிட்டு நின்றாள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"ஃபேன்லேருந்து. உங்களுக்கும் கோபம் வருமா?"

"வராம? நான் என்ன கல்லா?" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முன்னாடியெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைங்க மேல காட்டுவேன். ஒருநாள் நான் உள்ள நுழைஞ்சதும் சின்னவ கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. அன்னியிலேருந்து இங்கேயே கொட்டிட்டுப் போயிடறேன். நீங்களும் வாங்களேன்."

"எனக்கு வேலை இருக்கு" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டார். குட்டு உடைந்ததில் மனம் குளிர்ந்திருக்க வேண்டும், குளிரவில்லை. இவ்வளவு சின்ன விஷயம் பதினோரு வருடமாகத் தனக்குத் தோன்றாமல் இவளுக்குத் தோன்றியிருக்கிறதே என்று பொருமினார்.

இரண்டு நாள் வீம்பு பிடித்தார். மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் மூன்றரைக்கு இறங்கினார். முதலில் வாயே வரவில்லை; வெறுமனே நடந்தார். ஒரு வாரத்தில் சரளமாகத் திட்ட வந்துவிட்டது. மேலே வந்து ஃபோனை எடுத்தால், இதமாக வந்த தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. மூன்று மாதத்தில் டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார்.

இப்போது இருவரும் ஒரே நேரத்தில்தான் போகிறார்கள், எதிரெதிர்த் திசையில், அவரவர் ஆட்களைத் திட்டிக்கொண்டு. இவர் மூன்று சுற்று முடிப்பதற்குள் அவள் நான்கு முடித்துவிடுகிறாள். போன வாரம் அவர் புது ஷூ வாங்கினார். இன்னும் அந்த ஒரு சுற்றை எட்டிப் பிடிக்க முடியவில்லை.