காய்ச்சலை மறைத்த ஞானரட்ணம்

என் தங்கை செல்வமலரின் கணவர் ஞானரட்ணம், லண்டன் வெம்பிளியில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் பதினொரு வருடம் ஷிப்ட் அடித்தவர். வாயில் ஒரு துளி சாராயம் பட்டதில்லை. மஞ்சள் காமாலைக் கிருமி ஒன்று ஈரலை அரித்து, தொண்ணூற்றாறில் வயிற்றில் நீர் கட்டிவிட்டது. குடித்திருப்பார் என்றது சனம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வெட்கத்தில் மனிதர் கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

மாற்று ஈரலுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலில் ஆஸ்பத்திரி அவர் பெயரைச் சேர்த்தது. உயிர் தப்ப அது ஒன்றுதான் வழி. காய்ச்சல்காரனுக்கு ஒப்பரேஷன் இல்லை, பெயரை வெட்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். எங்கள் சனத்தில் டொக்டர் அல்லாதவர் யார்? கொழும்பு மருந்துக்கடைகளில் டொக்டரின் துண்டு இல்லாமலே கிருமியைக் கொல்லும் அன்ரிபயோட்டிக் குளிசை வாங்கலாம். அங்கிருந்து வருகிறவர்கள் மிளகாய்த்தூளோடு அதையும் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் கண்டால் ஞானரட்ணம் ஆஸ்பத்திரிக்குச் சொல்லாமல் இரண்டு நாள் அதை விழுங்குவார். விட்டதும் மிச்சத்தை அடுத்த முறைக்கு எடுத்துவைப்பார். நானும் ஒருமுறை வாங்கிவந்து கொடுத்தேன். பெரிய உதவி செய்ததாக நினைப்பு.

ஒக்ரோபரில் நடுங்கி விழுந்தவரை வார்டில் சேர்த்தோம். வயிற்று நீரில் கிருமி. அவருக்குத் தெரிந்தது கடை இங்கிலீஷ் என்பதால் மொழிபெயர்க்க என்னைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வெளி மருந்து ஏதாவது எடுத்தாரா என்று டொக்டர் கேட்டார். நான் தமிழில் சொல்லி முடிக்குமுன் ஞானரட்ணம் என் கையைப் பிடித்தார்.

"இல்லையெண்டு சொல்லுங்கோ மச்சாள். பேரை வெட்டிப் போடுவினம்."

இல்லை என்றேன்.

வழக்கமான மருந்தை ஏற்றினார்கள். அரைகுறையாக விழுங்கிய குளிசைகளுக்குப் பழகிப்போன அந்தக் கிருமிக்கு அது வெறும் பச்சைத்தண்ணீர் என்பது மூன்றாம் நாள் பரிசோதனை முடிவு வந்தபோதுதான் தெரிந்தது. மருந்தை மாற்றுவதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டது. ஆறாம் நாள் போய்விட்டார். நாற்பத்தொரு வயது.

டொக்டர் என்னையும் செல்வமலரையும் ஒரு சிறிய அறையில் இருத்தினார். அப்போதுதான் நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முதல் நாளே தெரிந்திருந்தால் வேறு மருந்து தொடங்கியிருப்போம் என்றார். காய்ச்சலுக்காக ஒருவர் பெயரையும் வெட்டுவதில்லை, குணமாகும்வரை நிறுத்திவைத்துத் திரும்பச் சேர்ப்போம் என்றும் சொன்னார்.

செல்வமலருக்கு எங்கள் இங்கிலீஷ் ஒன்றும் விளங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுறார் அக்கா?"

"தங்களாலை ஏலுமானதெல்லாம் செய்தவையாம்" என்றேன்.